காப்பறுத்த சிலுவைமுத்து

போன ஆனி மாதம் சிலுவைமுத்துவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். "யாருப்பா போய்ச் சேர்ந்தது?" என்றார் ஒருவர். "அதான், காப்பறுத்தவரு" என்றார் மற்றவர். ஐந்து வருஷம் கழித்தும், ஆள் மண்ணுக்குள் போன நாளிலும், அந்தப் பெயர் போகவில்லை.

அவர் காப்பை அறுத்தது ஊருக்குத் தெரியும். ஏன் அறுத்தார் என்பது அவரைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர் மனைவி அன்னாள், நான், செம்பட்டிப் பக்கத்துப் பெருமாயி. பெருமாயி அவருக்கு ஒரு வருஷம் முன்பே காலமாகிவிட்டாள். இனிமேல் சொன்னால் யாருக்கும் கேடு வராது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். காயத்தைப் பார்த்தபடி எழுதித்தான் பழக்கம். அப்படியே இதையும் எழுதுகிறேன்.

சிலுவைமுத்து 1919-இல் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தார். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தார். அதற்குள்ளேயே கையில் அரமும் ஏறிவிட்டது. யுத்த காலத்தில் தொழில் தெரிந்த இளைஞர்களைப் பொறுக்கி, மேல்பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மயிரிழை பிசகாமல் ராவுகிறவன் என்று இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். 1942-இல் கப்பல் ஏறினார்.

அங்கே ஒரு தொழிற்சாலையில் பகலெல்லாம் இரும்பு ராவினார். சாயங்காலம் அந்தத் தொழிற்சாலை ஆட்களே சேர்ந்து காவல் படை நடத்தினார்கள். எதிரி வானத்திலிருந்து குதித்தால் பிடிப்பதற்கான படை. தையல்காரர், பால்காரர், தபாலாபீஸ் குமாஸ்தா என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். துப்பாக்கி எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் இவர்களுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. முதலில் துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு அணிவகுத்தார்களாம். பிறகு சர்க்காரே கொடுத்தது ஒன்று: தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரு இரும்புக் குழாய், அதன் நுனியில் பழைய துப்பாக்கிக் கத்தியை வைத்துப் பற்றவைத்தது. அதைக் கையில் வாங்கிய கிழவர்கள் சிலருக்கு அழுகையே வந்துவிட்டதாம். சிலர் வீட்டுக் கொல்லையில் வீசிவிட்டுப் போனார்களாம். சிலுவைமுத்துவுக்கும் ஒரு குழாய் கிடைத்தது. அவர் வீசவில்லை. பற்றவைத்த இடம் ஆடியது. அதை ராவிச் சரி செய்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் தானமாகத் துப்பாக்கிகள் வந்தன. அமெரிக்காவில் யார் யாரோ தங்கள் வீட்டு வேட்டைத் துப்பாக்கிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கும்: கொடுத்தவர் பெயர், ஊர், 'சண்டை முடிந்ததும் தயவுசெய்து திருப்பி அனுப்பவும்' என்று. உள்ளூர்ப் பெரிய வீடுகளிலிருந்து சுவரில் மாட்டி வைத்திருந்தவையும் வந்தன. ரவை சிதறாமல் ஒரே குண்டாகப் பாய, தோட்டாவுக்குள் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிக் கெட்டியாக்குவார்கள்; பாட்டிலில் எரியெண்ணெய் அடைத்து எறிந்து பழகுவார்கள். இதையெல்லாம் அவர் சொன்னது, நான் கேட்டபோது, ஒரே ஒரு தடவை.

அந்த ஒரு தடவை சொன்னதில் முக்கியமானது ஆர்தர் என்ற தபாலாபீஸ் குமாஸ்தாவின் கதை. அறுபது வயதுக்காரர். சிலுவைமுத்துவுக்குக் குளிருக்குக் கையுறை கொடுத்தவர். ஒரு பெரிய வீட்டிலிருந்து குழாயின் வாய்வழியாக வெடிமருந்தை அடைத்துக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று வந்தது. "என் அப்பா காலத்துக்குப் பிறகு யாரும் சுடவில்லை, காலித் துப்பாக்கிதான்" என்று வீட்டுக்காரர் சத்தியமாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. ஒருவர் சத்தம் வருகிறதா பார்க்கலாம் என்று பொறி தட்டுகிற கேப்பை வைத்து, துப்பாக்கியின் குதிரையைத் தட்டினார். ஆர்தர் குழாய் வாய்ப்பக்கம் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வருஷமாக உள்ளே கிடந்த மருந்து வெடித்தது.

கழுத்தில் எந்த இடத்தை அழுத்தினேன் என்று சிலுவைமுத்து எனக்குத் தொட்டுக் காட்டினார். சரியான இடம்தான். ஆனால் அது கையால் அழுத்தி நிற்கிற காயமில்லை.

அதற்கப்புறம் அந்தப் படைக்கு வந்த எந்தத் துப்பாக்கியையும் அவர் சோதிக்காமல் யாரும் தொட்டதில்லை. ஒன்றேகால் கஜப் பித்தளைக் கம்பி ஒன்றைத் தானே செய்தார். அதைக் குழாய்க்குள் விட்டு, வாயில் பெருவிரலை வைத்து அடையாளம் பண்ணி, வெளியே எடுத்துக் குழாயோடு ஒட்டிப் பார்ப்பார். கம்பி கடைசிவரை போயிருந்தால் காலி. குறைந்திருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. உடைமைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மனுஷன் வாயை நம்பிப் பிரயோஜனமில்லை, கம்பிதான் சாட்சி என்பது அவர் தீர்மானம். இதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

ஊர் திரும்பிக் கல்யாணம் செய்தார். இரண்டு பெண்கள். ஐம்பதுகள் முழுக்கப் பூட்டுச் செய்ததும், சாவி தொலைந்த அலமாரிகளைத் திறந்து கொடுத்ததும்தான் அவர் வாழ்க்கை. எந்தப் பூட்டையும் உடைத்துத் திறந்ததில்லை. "ஒடைக்கிறதுக்கு நான் எதுக்கு? சுத்தியலு போதுமே" என்பார். பித்தளைக் கம்பி பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

1962 ஐப்பசியில் சீனா எல்லையில் சண்டை வந்தது. எங்கள் ஊரில் தொண்டர் படை ஒன்று கிளம்பியது. டிரில் மாஸ்டர் ராயப்பராஜ்தான் தலைவர். சத்தமான மனிதர், நல்லவர். எனக்கு முதலுதவி வகுப்பு. முக்கோணத் துணிக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தேன். சிலுவைமுத்துவை, சீமையில் படையில் இருந்தவர் என்று சொல்லி அழைத்துவந்தார்கள்.

"அண்ணே, அங்க என்ன ஆயுதம் குடுத்தாக?" என்று கேட்டான் தங்கமுத்து. தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற ஆள். வாட்டசாட்டம், வாய் நீளம்.

"குழாய்."

"பீரங்கிக் குழாயா?"

"தண்ணிக் குழாய்."

மைதானமே சிரித்தது. அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. அடுத்த வாரம் பழைய பம்புக் குழாயை வெட்டி, நுனியில் தோல் சீவுகிற கத்தியைப் பொருத்தி, ஏழு ஈட்டி செய்து கொண்டுவந்தார். வேலை சுத்தமாக இருந்தது. தங்கமுத்து ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதிக் காட்டினான்.

"எங்காத்தா ஊதாங்குழல் தேஞ்சு போச்சுன்னு சொல்லுச்சு. இத எடுத்துக்கவா அண்ணே?"

"எடுத்துக்க. கத்திப் பக்கம் வாய வைக்காத" என்றார் சிலுவைமுத்து.

ஏழு ஈட்டிகளையும் தூக்க ஆள் வரவில்லை. இங்கிலாந்துக்காரனுக்கு வந்த அதே வெட்கம் எங்கள் ஆட்களுக்கும் வந்தது. கொல்லையில் காகம் விரட்டுகிற கவண், சோடா பாட்டிலில் மண்ணெண்ணெய் என்று சிலது பழகினார்கள். எதிரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி கிழித்த இரண்டு உள்ளங்கைகளுக்கு நான் தையல் போட்டேன். கடைசியில், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் படைக்குக் கொடுத்து உதவலாம் என்று தமுக்கடித்தார்கள். துருப்பிடித்த வாள்கள், வேல்கம்புகள், ஒரு வளரி, எல்லாம் வந்தன. காட்டுப்பன்றி விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கிகள் பத்து வந்தன.

சண்டை கார்த்திகையிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊருக்கு உற்சாகம் அதற்குப் பிறகுதான் முற்றியது. குடியரசு தினத்தன்று மலைக்கோட்டை அடிவாரத்தில் அணிவகுப்பு என்று முடிவாயிற்று. மைதான நடுவில் வைக்கோல் பொம்மைகள் ஆறு நிற்கும். துப்பாக்கிக்காரர்கள் மண்டியிட்டு, பொம்மைகளைக் குறிபார்த்து, வெறும் கேப்பு மட்டும் வைத்து வெடிப்பார்கள். மருந்து கிடையாது, சத்தம் மட்டும். பொம்மைகளுக்குப் பின்னால் முப்பது அடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"பிள்ளைகள வேற பக்கம் உக்கார வைங்க சார்" என்றார் சிலுவைமுத்து.

"அண்ணே, எதுத்தாப்புல உக்காந்தாத்தான பாக்க நல்லாருக்கும். கேப்புக்கு என்ன பயம்?"

"அப்ப கம்பி போட்டுப் பாக்காத துப்பாக்கி வரிசையில போகக் கூடாது."

"ஒத்துக்கிட்டேன்" என்றார் ராயப்பராஜ். நாலு பேர் முன்னால் கையடித்தும் கொடுத்தார். பத்துத் துப்பாக்கிக்கும் கம்பி போட்டு, காலி என்று கண்டு, துப்பாக்கிக் கட்டையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தார் சிலுவைமுத்து.

பதினோராவது துப்பாக்கி அணிவகுப்பு அன்று காலையில், செம்பட்டி பஸ்ஸில் வந்தது.

பெருமாயி அதைப் புதுச் சேலைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கணவனை இழந்தவள், ஒரே மகன். துணியை விலக்கியபோது, கட்டை முழுக்கச் சந்தனம். குழாய் வாயில் மஞ்சள் துணி அடைத்து, அதன்மேல் விரலி மஞ்சளோடு காப்புக் கயிறு இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

"இது எங்க வீட்டுக்காரரு துப்பாக்கிங்கய்யா" என்றாள் ராயப்பராஜிடம். "எம்மகன் சடையாண்டி வடக்கே பட்டாளத்துல இருக்கான். ஐப்பசிக்கப்புறம் கடுதாசி இல்ல. கருப்பனுக்கு நேந்துக்கிட்டு அவன் பேருல காப்புக் கட்டியிருக்கேன். இது உங்க படையோட போயி ஒரு சத்தம் குடுத்துரணும். சத்தம் வந்தப்புறம் நானே அவுத்துக்கிருவேன். அதுக்கு முன்னால காப்பு அறுந்தா, அவன் உசுரு அறுந்ததுக்குச் சமம்."

ராயப்பராஜ் கண்கலங்கிவிட்டார். "மொத வரிசையிலேயே போகும் தாயி" என்று வாக்குக் கொடுத்து, துப்பாக்கியைத் தங்கமுத்து கையில் கொடுத்தார். தங்கமுத்து அதைக் கும்பிட்டு வாங்கினான். அவன் சட்டைப் பையில் இரண்டு கேப்பு இருந்தது.

முதலுதவி மேசை வேப்பமரத்தடியில், அவர்களிடமிருந்து பத்தடியில் இருந்தது. நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

சிலுவைமுத்து கம்பியோடு வந்தார். "இதுக்குக் கம்பி போடல சார்."

"அண்ணே, காப்புக் கட்டியிருக்கு. அந்தம்மா சொன்னதக் கேட்டீகல்ல? வீட்ல கெடந்த காலித் துப்பாக்கி. ஒரு பொம்பள பஸ்ஸுல தூக்கியாந்துருக்கு. அதுக்குள்ள என்ன இருக்கப் போகுது?"

"வேண்டாம் சார். இத நிறுத்திருங்க."

"என்ன கொறைன்னு சொல்லுங்க, நிறுத்துறேன். பாக்காமலே கொறை சொன்னா நான் அந்தம்மா மொகத்துல எப்படி முழிக்க?"

"பாக்க விடுங்க, சொல்றேன்."

"கேப்பு வைக்காம சும்மா தூக்கிட்டுப் போகட்டும், போதுமா?"

"சத்தம் வரணும்னுதான அந்தம்மா வந்துருக்கு. பையில கேப்ப வச்சிருக்கிறவன் வைக்காம இருப்பானா?"

தங்கமுத்து இடையில் புகுந்தான். "வேதக்காரருக்குக் காப்பப் பத்தி என்ன தெரியும்? குழாயப் புடிச்ச கை. நெசத் துப்பாக்கியக் கண்டதும் நடுங்குது."

மேடையிலிருந்து பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. ராயப்பராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிலுவைமுத்து தங்கமுத்துவின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடித்து, கேப்பு வைக்கிற சிறு மூக்கை ஸ்பானரால் திருகிப் பார்த்தார். அது கழன்றால் காப்பைத் தொடாமலே பக்கவாட்டில் உள்ளே பார்த்துவிடலாம். துருவில் இறுகியிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறினால் கழன்றிருக்கும். அவருக்கு இரண்டு நிமிஷம்தான் இருந்தது.

ஒரு தடவை மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பேனாக்கத்தியை எடுத்துக் காப்பை அறுத்தார்.

பெருமாயி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். மஞ்சள் கிழங்கு உருண்டு போய் அவள் காலருகே நின்றது. அவர் துணியைப் பிடுங்கிக் கம்பியை விட்டார். பெருவிரலை வைத்து எடுத்தார். குழாயோடு ஒட்டிப் பார்த்தார். எட்டு விரல்கடை குறைந்தது. என் இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது; அந்தக் கணக்கு மற்றவர்களுக்குப் புரியாது.

சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் காவலுக்கு நின்றிருந்தார். சலசலப்பைக் கேட்டு வந்தார். "என்னங்க இங்க?"

சிலுவைமுத்து கம்பியை வேட்டியில் துடைத்தார். தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "ஒண்ணுமில்ல சார். உள்ள துரு தின்னுருக்கு. கேப்பு வெடிச்சாலே குழாய் பொளந்துரும். இது போகாது."

"துருவுக்காகவா அறுத்தீரு?" என்றான் தங்கமுத்து.

"ஆமா."

துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசைக்கடியில் வைத்தார். "யாரும் தொட வேணாம் நர்ஸம்மா" என்றார். அணிவகுப்பு நடந்தது. பத்துக் கேப்பு அப்பளம் நொறுங்குகிற மாதிரி வெடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பெருமாயி மஞ்சள் கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் பட்டறையில் கதவைச் சாத்திவிட்டு, அவரும் அன்னாளும் நானும் அந்தத் துப்பாக்கியைக் காலி செய்தோம். முதலில் தண்ணீர் ஊற்றி மருந்தைச் சாகடித்தார். பிறகு நுனி முறுக்கிய கம்பியால் ஒவ்வொன்றாக இழுத்தார். தேங்காய் நார் வந்தது. ரவை வந்தது; நாற்பத்திரண்டு. மறுபடி நார். அதற்கடியில் கருமருந்து, ஒரு கைப்பிடி, புதுசு. ரவையோடு நாலைந்து மஞ்சள் அரிசியும் இருந்தது. பழைய மருந்தில்லை. முந்தின நாள் கெட்டித்தது.

ஆபரேஷன் முடிந்து பஞ்சை எண்ணுகிற மாதிரி, நான் ரவையை எண்ணிக் கிண்ணத்தில் போட்டேன். நாற்பத்திரண்டு ரவை, பொம்மைகளுக்கு முப்பது அடி தள்ளி, தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் எந்த உயரத்தில் பாயும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்தப் போலீஸ்காரர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"லைசென்ஸு செத்துப்போன புருஷன் பேருல. மருந்தக் கெட்டிச்சுக் கூட்டத்துக்குள்ள கொண்டாந்துருக்கு. சொன்னா அந்தம்மாவ ஜீப்புல ஏத்தியிருப்பாக. மகன் பட்டாளத்துல நிக்கிறான்."

"ஒங்க பேரு கெட்டுப் போகுமே" என்றாள் அன்னாள்.

"பேரு தானா சரியாயிரும். கேஸு சரியாகாது. ரெண்டு பேரும் வாயத் தெறக்கப்படாது."

சம்மதித்தேன். மறுநாள் காலித் துப்பாக்கியைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். ராயப்பராஜுக்கும் உண்மை தெரியாது.

பதினோரு நாள் கழித்துச் செம்பட்டிக்குத் தந்தி வந்தது. சடையாண்டி இறந்துவிட்டான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தங்கமுத்து சொல்லிச் சொல்லி ஊர் முழுக்கப் பரவியது. துருவுக்காகக் காப்பை அறுத்தவர், ஒரு தாயின் ஒரே பிள்ளையைக் கொன்றவர். புது வீட்டுக்குப் பூட்டு வாங்குகிறவர்கள் அவர் பட்டறையைத் தாண்டிப் போனார்கள். கல்யாணச் சீருக்குப் பெட்டிப்பூட்டுக் கேட்டு வந்த ஒருவர், "பூட்டு ஒங்க பூட்டுதான் வேணும். ஆனா நீங்க தொட்டுக் குடுக்க வேணாம், வீட்டம்மாவ எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். அன்னாள் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களை ஒன்றோடொன்று மோதிக் கழுவினாள். பிறகு பெரிய பட்டறைகளுக்கு அவர் ராவிக் கொடுத்தார். பூட்டு அவர்கள் பெயரில் போயிற்று. அவர் ராவினது என்று தெரியாமல் எத்தனை வீடுகள் அதைப் பூட்டித் தூங்கினவோ.

நான் இரண்டு தடவை கேட்டேன், சொல்லிவிடலாமா என்று. இரண்டு தடவையும் "மகனப் பறிகுடுத்துட்டு நிக்கிற பொம்பளகிட்டப் போயி, நீ பிள்ளைகளக் கொல்லப் பாத்தேன்னு சொல்லணுமாக்கும்" என்றார்.

எனக்கு அவர்மேல் ஒரு குறை உண்டு. ராயப்பராஜ் மேலும், என் மேலும் அதே குறைதான். அன்றைக்குக் காலையில் பெருமாயி எங்கள் முன்னால்தான் நின்றாள். "உள்ளே மருந்து இருக்கிறதா?" என்று அவளை யாருமே கேட்கவில்லை. ராயப்பராஜுக்குப் பெண்பிள்ளை கொண்டுவந்த துப்பாக்கியில் ஒன்றும் இருக்காது என்ற எண்ணம். சிலுவைமுத்துவுக்கு மனுஷன் வாயை நம்பக் கூடாது என்ற வைராக்கியம். எனக்கு, அது என் வேலையில்லை என்ற நினைப்பு. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

அது அந்த வருஷம் ஆனி மாதத்தில் தெரிந்தது. பெருமாயி பட்டாளத்துக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. வாசிக்க அவள் ஊரில் ஆளில்லை. தந்தியைத் தபால்காரர் வாயால் கேட்டதோடு சரி. நான் வாசித்துச் சொன்னேன். காணாமல் போனவர் பட்டியலில் இருந்தவர், இறந்தது உறுதியாயிற்று. இறந்த நாள், நவம்பர் பதினெட்டு.

"அது தமிழுக்கு என்னைக்கு?" என்றாள்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். "கார்த்திகை மூணு."

"அந்த அணிவகுப்பு?"

"தை பதிமூணு."

விரலை மடக்கினாள், பிரித்தாள். "அப்ப நான் காப்புக் கட்டயிலேயே அவன் இல்ல" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். பிறகு நான் எதிர்பார்க்காததைக் கேட்டாள்.

"அந்தக் குழாய்க்குள்ள இருந்த மருந்த அவரு என்ன செஞ்சாரு?"

"மருந்து இருந்தது உனக்குத் தெரியுமா?"

"நாந்தான கெட்டிச்சேன். வீட்டுக்காரரு இருக்கயிலேயே எனக்குக் கெட்டிக்கத் தெரியும். படைக்குக் குடுக்கிறத வெறுங்குழாயாவா குடுப்பாக? பக்கத்து வீட்டுக்குச் சட்டி குடுத்தாக்கூட ரெண்டு உப்புக்கல்லப் போட்டுல்ல குடுப்போம்."

"எங்கே பார்த்துச் சுடப் போகிறார்கள் என்று நினைத்தாய்?"

"வானத்தப் பாத்துத்தான். கோயில்ல வேட்டுப் போடுற மாதிரி."

மூடி வைத்துப் பிரயோஜனமில்லாத காயம் உண்டு. பொம்மைகள் எங்கே நின்றன, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், கேப்பு யார் பையில் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டரிடம் சிலுவைமுத்து என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவருக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். அதற்கு நான் வருந்தவில்லை.

அவள் எழுந்து காகிதங்களை மடித்தாள். "நான் அவருக்கு மண்ணு வாரித் தூத்தினேன் நர்ஸம்மா. மூணு அமாவாசை" என்றாள். போய்விட்டாள்.

ஆவணியில் பட்டாளத்திலிருந்து சடையாண்டியின் டிரங்குப் பெட்டி வந்தது. பூட்டியிருந்தது, சாவி அவனோடு போயிற்று. ஊரில் கொல்லர் உடைத்துத் தருகிறேன் என்றாராம். பெருமாயி விடவில்லை. சந்தை நாளாகப் பார்த்துப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி, பஸ் நிலையத்திலிருந்து தலைச்சுமையாகப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். நான் அன்று அங்கே இருந்தது தற்செயல். அன்னாளுக்கு முதுகு வலி, பார்க்கப் போயிருந்தேன்.

வாசலில் பெட்டியை இறக்கினாள். தெருவில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் தங்கமுத்துவும் ஒருவன்.

"இது எம்மகன் பெட்டி" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "ஒடைக்காமத் தெறக்கணும். நீங்கதான் தொடணும். வேற யாரும் தொடக் கூடாது."

சிலுவைமுத்து அரத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அந்தத் துப்பாக்கிய..." என்று அவள் தொடங்கினாள்.

"அதுல துரு இருந்துச்சு, அம்மா. அம்புட்டுத்தான். உள்ள வந்து உக்காருங்க" என்றார் அவர், அவசரமாக.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. வாசலில், போகிற வருகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பூட்டு நல்ல பூட்டு, கொஞ்சம் நேரமாயிற்று. மெல்லிய கம்பிகள் இரண்டை வைத்துக்கொண்டு அவர் முக்கால் மணி நேரம் குனிந்திருந்தார். அவ்வளவு நேரமும் அவள் அசையவில்லை. தங்கமுத்து கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

பெட்டி திறந்தது. இரண்டு காக்கிச் சட்டை, ஒரு கம்பளிக் குல்லா, சவரக் கண்ணாடி, பழனி விபூதிப் பொட்டலம் ஒன்று பிரிக்காமலே இருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, துணியில் முடிந்துகொண்டாள். பெட்டி காலியாயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"செத்த நேரம் இருங்க" என்றார் சிலுவைமுத்து. உள்ளே போய், அவர் பெயர் பொறித்த பூட்டு ஒன்றையும் இரண்டு சாவிகளையும் எடுத்து வந்தார். அந்த வருஷம் விற்காமல் கிடந்தவற்றில் ஒன்று. பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"வெறும் பெட்டியாத் தூக்கிட்டுப் போக வேணாம்" என்றார்.

அவள் தலையசைத்தாள். பெட்டியைத் தலையில் ஏற்றிவிட அன்னாள் ஒரு பக்கம் கை கொடுத்தாள், நான் ஒரு பக்கம்.